கதவைத் திறக்காத அக்கா

என் மாமியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. மாமியார் மெச்சிய மருமகளும் இல்லை, மருமகள் மெச்சிய மாமியாரும் இல்லை என்பார்கள். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நான் மெச்ச வரவில்லை, நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

மாமியாரும் நானும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். பழந்துணிக் கொட்டகை. எங்கெங்கோ உடுத்திக் கழித்த துணியெல்லாம் மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும். பிரித்து, கம்பளி தனி, பருத்தி தனி, நைலான் தனி என்று ஒதுக்க வேண்டும். பிறகு துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் இயந்திரத்துக்குப் போகும். அதற்கு முன்னால் பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டாலும் இயந்திரத்தின் பல் போய்விடும், மேஸ்திரி நம் பல்லை எண்ணுவார். நான் கட்டுக் கட்டும் பக்கம். மாமியார் பொத்தான் வெட்டும் பக்கம். அதனால் கொட்டகை முழுக்க அவருக்குப் பொத்தானம்மா என்றுதான் பெயர்.

மற்றவர்கள் கத்தரியை வைத்தால் கறக் கறக் என்று வெட்டிக்கொண்டே போவார்கள். பொத்தானம்மா மட்டும் ஒவ்வொரு சட்டையையும் கழுத்தோரம் திருப்பி, மேல் பொத்தானின் நூலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். கம்பளிச் சட்டை என்றால் இரண்டு தடவை பார்ப்பார். "உங்களைப் பொத்தானைப் பார்க்கச் சொல்லல, வெட்டச் சொன்னேன்" என்பார் மேஸ்திரி. "பார்க்காம வெட்டினா விரல் போயிடும், விரலை நீங்க ஒட்ட வைப்பீங்களா?" என்று இவர் திருப்பிக் கேட்பார். மேஸ்திரி போய்விடுவார். என் மாமியாரிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. நானே மீண்டதில்லை.

அவருக்குப் பாட்டு ஆகாது. இதுவும் கொட்டகைக்கே தெரிந்த விஷயம். தூசியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் துணி பிரிக்கிறவர்கள் பாடாமல் எப்படி இருப்பார்கள்? நிறையப் பாட்டு உண்டு. எல்லாவற்றிலும் நீளமானது, எல்லோருக்கும் பிடித்தது, அக்கா தங்கச்சிப் பாட்டு. ஒரு பக்கத்துப் பெண்கள் தங்கச்சியாகக் கேட்பார்கள், எதிர்ப்பக்கத்துப் பெண்கள் அக்காவாகப் பதில் சொல்வார்கள்.

கரை உடைஞ்சு போச்சு அக்கா – கதவைத் திற
காலு நனையுது அக்கா – கதவைத் திற
கையில வேலை தங்கச்சி – கொஞ்சம் பொறு
கைவேலை முடியட்டும் தங்கச்சி – கொஞ்சம் பொறு

அடுத்த சுற்றில் தண்ணீர் முழங்காலுக்கு வரும், அதற்கடுத்து இடுப்புக்கு, மார்புக்கு, கழுத்துக்கு. ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு ஒரு வேலை இருக்கும். தலை வாரிக்கொண்டிருப்பாள், வளையல் மாட்டிக்கொண்டிருப்பாள், சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் தண்ணீர், தங்கச்சி இல்லை. அந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து அக்காவைத் திட்டுவதற்கென்றே ஒரு மெட்டு உண்டு. சனியன் பிடித்த மெட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் வாயை விட்டுப் போகாது.

நான் கொட்டகையில் சேர்ந்த புதிதில், அவர் மாமியாராகப் போகிறார் என்று தெரியாமல், கட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டே இந்தப் பாட்டை எடுத்தேன். பொத்தானம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போய்விட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் வந்தார். பக்கத்தில் இருந்தவள் என் காதில், அந்தம்மா அப்படித்தான், நெஞ்சில் ஈரம் இல்லாதவர், சோகப் பாட்டு கேட்டால் எழுந்து போய்விடுவார் என்றாள். நானும் நம்பினேன். பின்னால் அந்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டு, பிள்ளையைத் தூங்கவைக்க அதே பாட்டைப் பாடி, அவர் பிள்ளையையே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனபோது இன்னும் உறுதியாக நம்பினேன்.

பிள்ளை பிறந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் டேப்புக்காரர் வந்தார்.

மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு டேப் ரெக்கார்டர், பை நிறைய கேசட். ஊர் ஊராகப் போய் வாய்ப்பாட்டுகளைச் சேகரிக்கிறவர். அக்கா தங்கச்சிப் பாட்டின் மேல் அவருக்குப் பைத்தியம். அது முப்பாட்டன் காலத்து வெள்ளம் ஒன்றில் பிறந்த பாட்டாக இருக்க வேண்டும் என்றும், அச்சுக்குப் போகப்போகிற தன் புத்தகத்தில் முதல் பாட்டே அதுதான் என்றும் சொன்னார். யார் கட்டினார்கள் என்று தெரியாத பாட்டுகளை மட்டும்தான் அதில் சேர்ப்பாராம். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. பாடுங்கள் என்று கெஞ்சமாட்டார். வேறு ஊரில் பதிந்த பாட்டைப் போட்டுக் காட்டி, உங்கள் பக்கம் இப்படித்தானா என்று மட்டும் கேட்பார். அவ்வளவுதான், பெண்களுக்கு ரோஷம் வந்துவிடும். இதென்ன பாட்டு, வளையலே காணோம், எங்கள் பாட்டைக் கேளுங்கள் என்று முண்டியடித்துக்கொண்டு பாடுவார்கள். அவர் புன்சிரிப்போடு பதிந்துகொள்வார். தூண்டில் போடத் தெரிந்த மனிதர்.

மாமியார் அன்று எழுந்து போகவில்லை. வெளியே கொட்டோ கொட்டென்று மழை, போக வழி இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று நாலு ஊர்ப் பாட்டு ஆன பிறகு டேப்புக்காரர் வேறொரு கேசட்டைப் போட்டார். எங்கோ துறைமுகப் பட்டினத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் பாடியதாம். எல்லாம் நம் பாட்டு மாதிரியே போகும், கடைசியில்தான் ஒரு வேடிக்கை, கேளுங்கள் என்றார். தங்கச்சி முழுகின பிறகும் அந்தப் பாட்டு நிற்கவில்லை. சற்றுக் கரகரத்த குரலில் இன்னும் நாலு வரி வந்தது.

நீலப் பொத்தான் அக்கா – சிவப்பு நூலு
நீ தச்சது அக்கா – அறுந்து போகல
அக்கரை வந்துட்டேன் அக்கா – குளிரு இல்ல
அப்பப்போ தொட்டுப்பாப்பேன் அக்கா – நீ இருக்கே

பெண்கள் சிரித்துவிட்டார்கள். செத்தவள் எப்படிப் பாடுவாள், பாட்டே கெட்டுப்போச்சு என்றார்கள். டேப்புக்காரரும் ஒத்துக்கொண்டார். இந்த நாலு வரி வேறு எந்த ஊரிலும் இல்லை, யாரோ பின்னால் ஒட்டிவிட்டது, புத்தகத்தில் இதை எடுத்துவிட்டுத்தான் போடப்போகிறேன் என்றார்.

சுவர்ப்பக்கம் கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. மாமியார் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபமான முகம் தெரியும், கடுகடுத்த முகம் தெரியும். இது யாரோ சின்னப் பெண்ணின் முகம்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டார். முடிந்ததும், "இதைப் பாடினது யாரு?" என்று கேட்டார். டேப்புக்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர் பாடுகிறவர்களின் பெயரை வாங்குவதில்லை. பெயர் கேட்டால் பாதிப் பேர் பயந்து வாயை மூடிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். ஊரும் தொழிலும் மட்டும்தான் கேசட்டின் மேல் இருக்கும். ரொட்டிக்கடைப் பெண், நடுவயதுகூட ஆகவில்லை, அவ்வளவுதான் ஞாபகம் என்றார். பதிந்தும் சில வருஷம் ஆகிவிட்டதாம்.

"நடுவயசுகூட ஆகலியா?" என்று கேட்டுவிட்டு மாமியார் கத்தரியை எடுத்தார், மறுபடியும் வைத்தார். கொட்டகை விட்டதும் டேப்புக்காரரை வீட்டுக்குக் கூட்டிவா என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த மழையிலேயே நடந்து போய்விட்டார்.

எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை. டேப்புக்காரரைச் சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து டீ கொடுத்தோம். கூடத்தில் என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் படுத்திருந்தார். மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். எதிரில் இருக்கும் ஆளின் முகத்தைப் பார்த்து அவருக்குச் சண்டைதான் போட வரும்.

"அந்தப் பாட்டு முப்பாட்டன் காலத்துது இல்ல. நான் கட்டினது" என்றார்.

கூடத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கே அது அன்றுதான் தெரியும். ஆற்றங்கரை ஊர், தாய் இல்லாத வீடு, அப்பா கல் உடைக்கிறவர். கோபம் வந்தால் கையில் சுத்தியல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காத மனிதர். தங்கை, அக்கரையில் லாரியில் சுமை ஏற்றும் ஒருவனை விரும்பினாள். அப்பாவோ கல்குவாரிக் கணக்குப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்துவிட்டார். ஒரு சாயங்காலம் ஆறு பெருகிக்கொண்டிருந்தது. மரப்பாலம் ஆட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு விட்டால் இனிப் போக முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது. தங்கையின் கம்பளிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை, நெஞ்சில் காற்று அடிக்கும். அக்கா தன் சட்டையிலிருந்த நீலப் பொத்தானைப் பிய்த்து, ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த சிவப்பு நூலாலேயே அவசர அவசரமாகத் தைத்து, கொல்லைக் கதவைத் திறந்து அனுப்பிவைத்தார்.

"கதவைத் திறந்துவிட்டதே நான்தான்" என்றார்.

தங்கை போன கொஞ்ச நேரத்தில் பாலம் போய்விட்டது. அதன்மேல் இருந்தாளா, தாண்டியிருந்தாளா, யாருக்கும் தெரியாது.

அப்பா வந்து கேட்டார். ஓடிப்போனாள் என்றால் தண்ணீர் வடிந்ததும் தேடிப் போய் இரண்டு பேரையும் கொன்றுபோடுவார். அதனால், வாசலில் நின்று கதவைத் தட்டினாள், நான் கைவேலையாக இருந்தேன், திறப்பதற்குள் வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று அக்கா சொல்லிவிட்டார். அப்பா நம்பவில்லை. துணி துவைக்கும் துறையில் அக்கா இதையே அழுது அழுது சொன்னார், அழுகை தானாகப் பாட்டாக வந்தது. கூட இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். சீக்கிரமே ஊரெல்லாம் பாடியது. மகள் சொன்னதை நம்பாதவர் ஊர் பாடினதை நம்பினார். தன் வாயாலேயே ஒருத்தி தன்மேல் பழி போட்டுக்கொள்வாளா என்று எல்லோரும் நினைத்தார்கள். தேடுவது நின்றது.

"அவளைக் காப்பாத்தத்தான் கட்டினேன். ஆனா அப்புறம் அவகிட்டேருந்து ஒரு தகவலும் இல்ல. செத்தான்னு நானே பாடினேனே, என் வாய்முகூர்த்தம் பலிச்சிடுச்சோன்னு..." என்று நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு கல்யாணமாகி இவ்வளவு தொலைவுக்கு வந்தால், அவர் வந்து இறங்குவதற்கு முன்பே பாட்டு இங்கே வந்து குடியிருந்தது. வந்த வழியில் வளையலும் சுடுசாப்பாடும் வேறு சேர்ந்திருந்தன. "நான் எங்க வளையல் போட்டேன்? யார் யாரோ பாடி எனக்கு மாட்டிவிட்டது" என்று அவர் சொன்னபோது டேப்புக்காரர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். எத்தனை வருஷம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, தன் வாயால் வந்த பழியை மற்றவர்கள் வாயால் கேட்டிருக்கிறார் இந்த மனுஷி. ஒவ்வொரு சட்டையின் கழுத்தையும் எதற்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நூல் சிவப்பு என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் தன் பாட்டில் பொத்தானை வைக்கவே இல்லை.

டேப்புக்காரர் டீயைக் கீழே வைத்தார். கட்டியவர் யாரென்று தெரிந்துவிட்டால் அந்தப் பாட்டைப் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது என்பது தான் வைத்த விதி, முதல் பாட்டே போய்விட்டது என்றார்.

"அப்ப நான் கட்டலன்னே வெச்சுக்கோங்க. ஊர்தானே வளையல் போட்டது, ஊர்ப் பாட்டாவே இருக்கட்டும். ஆனா அந்த நாலு வரியை எடுக்காதீங்க. எனக்கு ஒரு உதவி செய்ங்க. அந்த ரொட்டிக்கடைக்குத் திரும்பப் போவீங்களா?"

போகிற எண்ணம் இருக்கவில்லை, உங்களுக்காகப் போகிறேன் என்றார். பெயர் சொல்லி விசாரிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் மாமியார். அவள் அங்கே என்ன பெயரில் இருக்கிறாளோ, யாருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ, நாம் போய்க் குட்டையைக் குழப்பக் கூடாது. எப்போதும் செய்கிற மாதிரி, இந்த ஊரில் இப்படிப் பாடுகிறார்கள் என்று போட்டுக் காட்டுங்கள், போதும் என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பாடினார். குரல் பாதி உடைந்திருந்தது, மெட்டு கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

கைவேலை முடிஞ்சது தங்கச்சி – நீ வா
காத்துக்கிட்டு இருக்கேன் தங்கச்சி – நீ வா
தாழ்ப்பாள் போடல தங்கச்சி – தள்ளிப் பாரு
தண்ணி வடிஞ்சு போச்சு தங்கச்சி – நீ வா

டேப்புக்காரர் பட்டனை அமுக்கி நிறுத்தவே மறந்துவிட்டார். அந்தக் கேசட்டில் பாட்டு முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் இருக்கும்.

அதன்பிறகு மாமியார் வேலைக்குப் போனார், வந்தார், என்னைத் திட்டினார். சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். மேஸ்திரி, பொத்தானம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பகலில் எங்கள் வாசல் கதவைச் சாத்தக் கூடாது என்று ஒரு புதுச் சட்டமும் வந்தது. தெரு நாய் இரண்டு தடவை உள்ளே வந்து பாத்திரத்தை உருட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது ஒரு சாதனை.

ஒரு விடுமுறை நாள், நல்ல மழை. சாரல் உள்ளே அடித்துப் பாயெல்லாம் நனைந்ததால், மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நான்தான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து எழுந்தேன்.

"பெரியம்மா... கதவைத் திறங்க."

கரகரத்த குரல். கேசட்டில் கேட்ட அதே குரல்.

மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை காலமும் அக்கா என்று ஒரு குரல் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவர். பெரியம்மா என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த அதே நேரம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "விடு, நான் திறக்கறேன்" என்று என்னை விலக்கினார். தாழ்ப்பாள் சீக்கிரத்தில் விலகவில்லை. வெளியே நின்றவள் பொறுமையாக நின்றாள்.

திறந்தார். நனைந்த தலையோடு ஒரு பெண். வா என்றுகூடச் சொல்லாமல் மாமியார் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"ஆத்தைத் தாண்டினாளா?"

"தாண்டினாங்க பெரியம்மா. தாண்டினதாலதானே நான் இருக்கேன்."

அப்புறம்தான் உள்ளே கூட்டிவந்து துவட்டத் துண்டு கொடுத்தோம். அவள் நின்றுகொண்டே சொன்னாள். டேப்புக்காரர் மறுபடி கடைக்கு வந்து போட்டுக் காட்டிய பாட்டைக் கேட்டுத்தான், அவரிடமே வழி விசாரித்துக்கொண்டு வந்தாளாம். அக்கரைக்குப் போன சில வருஷத்தில் பாட்டு அவர்கள் ஊருக்கும் வந்து சேர்ந்ததாம். கேட்டதுமே அம்மாவுக்கு அது அக்கா கட்டியது என்று தெரிந்துவிட்டது. நான் செத்தவளாகவே இருக்கணும், திரும்பி வராதேன்னு அக்கா சொல்றா என்று அம்மா புரிந்துகொண்டாளாம். அதனால் கடிதம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. நாலு வரியை மட்டும் பாட்டின் கடைசியில் சேர்த்து, கடைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடிக் காட்டினாளாம், எப்படியாவது ஒருநாள் அக்கா காதுக்குப் போய்ச் சேரும் என்று. கேட்டவர்கள் எல்லோரும் பாட்டைக் கொண்டுபோனார்கள். அந்த நாலு வரியை மட்டும், சோகம் கெட்டுப்போகிறது என்று அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் சொல்லி முடித்ததும் மாமியார், "எப்போ கண்ணை மூடினா?" என்றார்.

"ரெண்டு மழைக்காலத்துக்கு முன்னாடி. அந்த சார் முதல்ல வந்தப்போ அம்மா உள்ள படுத்திருந்தாங்க. என்னைத்தான் பாடச் சொன்னாங்க."

அவள் தான் போட்டிருந்த பழைய கம்பளிச் சட்டையின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பொத்தானைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷம் இருந்திருக்கா" என்றார். "நான்தான் தினம் சாகடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவ இருந்திருக்கா."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மழை உள்ளே அடித்து மறுபடியும் பாய் நனைந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தவில்லை.